உதைப்பதற்கு முன் ஒரு நிமிடம்

சென்ற பொங்கல் முடிந்த மறுவாரம். நாக்பூர்க் குளிரைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்குப் பால் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். எங்கள் குடியிருப்பின் கீழே ஒரு பையன் அந்தக் குளிரிலும் வேர்க்க வேர்க்க மோட்டார் சைக்கிளின் கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தான். நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. அன்று ஒன்பதரை மணிக்கு அவனுக்குத் தேர்வு.

வண்டி அவன் அப்பாவுடையது. 2004இல் வாங்கிய நூறு சிசி வண்டி. என்னோடு பணியாற்றிய அந்த நண்பர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

"பத்து நாளா இதே கதைதான் மாமா. புது பேட்டரி போட்டாச்சு, புது பிளக் போட்டாச்சு, கார்புரேட்டர் கழுவியாச்சு. மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் போச்சு. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு அம்மா சொல்றாங்க" என்றான். மேலே பால்கனியில் நின்றிருந்த அவன் அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அதை இரும்புக்குப் போட அவருக்கு மனம் இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

முதலில் பையனை ஆட்டோவில் ஏற்றித் தேர்வுக்கு அனுப்பினேன். மாலையில் இருவரும் வண்டி முன்னால் உட்கார்ந்தோம். நான் ஸ்பேனரை எடுக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன்: "தம்பி, இது எங்கே கிளம்புது, எங்கே கிளம்பலை?"

சற்று யோசித்தான். "மெக்கானிக் கடையில முதல் உதையிலேயே கிளம்பும் மாமா. வீட்டில்தான் கிளம்பாது."

பத்து நாளாக இது அவனுக்குத் தெரியும். ஆனால் மெக்கானிக்கிடமும் சொல்லவில்லை, தானும் யோசிக்கவில்லை.

பிறகு வரிசையாகப் பார்த்தோம். கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் தாராளமாக வந்தது. பிளக்கைக் கழற்றினால் முனை ஈரமாக இருந்தது, பெட்ரோல் வாசனை. ஆக, பெட்ரோல் உள்ளே போகிறது, எரியவில்லை. பிளக்கை அதன் தொப்பியில் செருகி, உலோகப் பகுதி என்ஜினில் படும்படி, பிளக் துவாரத்திலிருந்து தள்ளி வைத்து உதைக்கச் சொன்னேன். தீப்பொறி இல்லை. இப்போது ஹேண்டில் பாரை நேராகத் திருப்பி உதைக்கச் சொன்னேன். பளிச்சென்று நீலப் பொறி! மறுபடி இடது பக்கம் திருப்பினால் பொறி இல்லை.

விஷயம் இவ்வளவுதான். ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயர்கள் வளைந்து வளைந்து, ஒன்றின் மேலுறை தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. இந்த வகை வண்டியில், சாவியை ஆஃப் செய்தால் அந்த ஒயர் வண்டியின் சட்டத்தோடு இணைந்து தீப்பொறியை நிறுத்திவிடும். தேய்ந்த ஒயர் சட்டத்தைத் தொட்டாலும் அதே வேலைதான் நடக்கும். வீட்டில் சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது ஹேண்டில் இடது பக்கம் சாய்ந்திருக்கும். என்ஜினைப் பொறுத்தவரை சாவி ஆஃப். கடைக்குத் தள்ளிக்கொண்டு போகையில் ஹேண்டில் நேராகிவிடும், சாவி ஆன். அவன் வண்டிக்குக் கிக்கர் உதைத்துக் கிளப்ப பேட்டரியே தேவையில்லை என்பது இன்னொரு வேடிக்கை. இன்சுலேஷன் டேப் சுற்றி, ஒயரை உராயாத இடத்தில் கட்டினோம். செலவு பத்து ரூபாய்கூட ஆகவில்லை.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்த புதிதில், வேறோர் ஊர் லோகோ ஷெட்டில் நானும் இதையேதான் செய்தேன். ஓர் என்ஜினில் திரும்பத் திரும்ப ஒரே கோளாறு. மூன்று முறை ரிலேயை மாற்றி, "சரி செய்யப்பட்டது" என்று எழுதி அனுப்பினேன். நான்காம் முறை அந்த என்ஜின் நடுவழியில் நின்றது. ஒரு பாசஞ்சர் வண்டி நிறைய மக்கள் மே மாத வெயிலில் தவித்தார்கள். மூலகாரணம், அதிர்வில் தளர்ந்துபோன ஒரு டெர்மினல் திருகு. என் மேலதிகாரி சத்தம் போடவில்லை. "எதை மாற்றினாய் என்று எழுதியிருக்கிறாய். ஏன் கெட்டது என்று எங்கே எழுதியிருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன்.

காரணம் தெரியாமல் பாகத்தை மாற்றுவது பழுது பார்ப்பது ஆகாது. அது சீட்டுக் குலுக்கல். இதுதான் என் கட்சி.

கிளம்பாத வண்டியிடம் கேட்க வேண்டியவை மூன்று: பெட்ரோல் வருகிறதா, தீப்பொறி வருகிறதா, காற்று வந்து போக வழி இருக்கிறதா? ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் சைலென்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். எலி ஒயரைக் கடித்திருக்கும். இவற்றுக்கும் முன்னால், பெட்ரோல் டேப்பும் ஹேண்டிலில் உள்ள என்ஜின் நிறுத்தும் சுவிட்சும் சரியான நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பலருடைய கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும். பிளக்கைச் சோதிக்கும்போது கையால் பிடிக்க வேண்டாம். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஆவி போனபிறகு செய்யுங்கள்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்தபின், பெரும்பாலான புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் போய் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை வந்துவிட்டது. கேள்விகள் அவையேதான், பார்க்கும் விதம் வேறு. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி முனகுகிறதா என்று காது கொடுங்கள். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் இவ்வண்டிகளைத் தள்ளிக் கிளப்புவது கடினம். பம்புக்கே மின்சாரம் வேண்டும். நல்ல பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். வண்டியின் கணினிக்குக் கேடு வராமலிருக்க, இவற்றில் பிளக் சோதனையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

"அதற்குத்தானே மெக்கானிக் இருக்கிறார்?" என்று கேட்கலாம். நியாயம்தான். அவர் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறோமா? எங்கே வலி, எப்போது வருகிறது என்று சொல்கிறோம் அல்லவா? "வண்டி ஓடவில்லை" என்றால் மெக்கானிக் கைக்கு வந்ததை மாற்றுவார். "ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் தீப்பொறி இல்லை" என்றால் நேரே ஒயரைப் பார்ப்பார். அரைகுறை இந்தியோடு வந்து இறங்கிய நமக்கு இது இன்னும் முக்கியம். பாஷை திக்கினாலும் விவரம் திக்கக் கூடாது.

நம் பிள்ளைகளுக்கு டியூஷன் வைக்கிறோம், பாட்டு வகுப்பு வைக்கிறோம். நல்லதுதான். ஆனால் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினைப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கும் பையன், தன் அப்பாவின் வண்டியில் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்ததில்லை. தவறு அவனுடையதா, "கை அழுக்காகும், போய்ப் படி" என்று சொன்ன நம்முடையதா?

வரும் கோடை விடுமுறையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சங்க வளாகத்தில் இடம் கொடுத்தால் போதும். ஒரு பழைய வண்டியும் நாலு ஸ்பேனரும் நான் கொண்டு வருகிறேன். பையன்கள் மட்டுமல்ல, ஸ்கூட்டி ஓட்டும் நம் பெண்களும் வர வேண்டும். காசு வேண்டாம், பழைய சட்டை போட்டுக்கொண்டு வந்தால் சரி.

அந்த வண்டியை இரும்புக்குப் போடவில்லை. தினமும் காலை எட்டரைக்கு அது கிளம்பும் சத்தம் கேட்கிறது. பால்கனியிலிருந்து அவன் அம்மா எட்டிப் பார்ப்பதையும் பார்க்கிறேன்.