பச்சை டப்பா

போன மாதம் பிளவக்கல் அணைக்கரையில் ஒரு அலுமினிய க்ரீம் டப்பா கிடந்தது. மூடியில் 'இயற்கைக்கு உகந்தது'. உள்ளே தடவியிருந்த பூச்சு பிளாஸ்டிக் வகையறாதான்; க்ரீம் உலோகத்தை அரிக்காமலிருக்க வேண்டுமே!

ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் நாலு கிலோ பாக்ஸைட், உருக்காலையில் மட்டும் ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம். மேட்டூர் மால்கோவுக்காக ஏற்காட்டையும் கொல்லிமலையையும் தோண்டிய கதை நமக்குத் தெரியாததா? பழையதை உருக்கினால் அந்த ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும், ஒத்துக்கறேன். ஆனா இந்த ஒத்த டப்பாவுக்காக வத்திராயிருப்பிலிருந்து எந்தப் பழைய இரும்புக்காரர் சைக்கிள் மிதிச்சு வருவார்?

எண்ணெய்க்குத் தூக்குவாளியோடு கடைக்குப் போன ஊர் இது. காலி டப்பாவை நீட்டி, இதிலேயே நிரப்பிக் கொடுங்கன்னு கேட்டுப் பாருங்க. கம்பெனிக்காரர் என்ன சொல்றாரென்று பார்ப்போம்.