பெட்டியின் மேல் எழுதாத கணக்கு

திருக்கழுக்குன்றத்தில் வசிக்கும் என் மூத்த சகோதரி, 2025 ஆகஸ்டு மாதத்தில் என்னை அவசரமாக அழைத்திருந்தார். மகளுக்குச் செங்கல்பட்டில் நான்காண்டுச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. பாடக் குறிப்பு, தேர்வு அறிவிப்பு யாவும் வாட்ஸ்அப் வழியாகவே வருமாம். வீட்டிலிருந்த பழைய ஆண்ட்ராய்டு போனிலோ அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே வாட்ஸ்அப் நின்றுவிட்டது. 4.4 என்னும் பழைய பதிப்புக்கு அந்நிறுவனம் 2025 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திக் கொண்டதே காரணம். போன் பழுதாகவில்லை, காலாவதியாகிவிட்டது. இந்த வேறுபாட்டை அக்கா மறக்கவே இல்லை.

தையல் வேலையில் சிறுகச் சிறுகச் சேர்த்த 13,000 ரூபாய் அவர் கையில் இருந்தது. தம்மாமில் வேலை செய்யும் மகன் ரெட்மி நோட் 14 வாங்கச் சொன்னான். கடைத்தெருவில் விசாரித்தபோது சாம்சங் கேலக்ஸி ஏ16 எடுத்துக் காட்டப்பட்டது. இரண்டும் 5ஜி, இரண்டும் 2024 இறுதியில் இந்தியாவுக்கு வந்தவை. விலையில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இரண்டுமே அக்காவின் சேமிப்பைத் தாண்டின.

கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் எந்தப் போனும் அழகாகத்தான் தெரியும். ஆகவே அனுமதி பெற்று இரண்டையும் வாசலுக்குக் கொண்டு வந்தேன். உச்சி வெயிலில் ரெட்மியின் திரை தெளிவாகத் தெரிந்தது. சாம்சங்கில் எழுத்தைப் படிக்கக் கையால் நிழல் கட்ட வேண்டியிருந்தது. வேறு சிறப்புகளும் ரெட்மிக்கு உண்டு. 45 வாட் சார்ஜர் பெட்டிக்குள்ளேயே வருகிறது. பழைய இயர்போனைச் செருகத் துளையும் இருக்கிறது. சாம்சங்கில் அந்தத் துளை இல்லை. பெட்டியில் வயர் மட்டுமே, சார்ஜருக்குத் தனிச்செலவு. மின்னேற்றமும் 25 வாட்தான். பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றே: ஒன்றில் 5110, மற்றதில் 5000.

“அப்படியானால் அண்ணன் சொன்னதுதானே சரி, மாமா?” என்றாள் மருமகள்.

நானும் ஏறக்குறைய அந்த முடிவுக்கே வந்திருந்தேன். அக்காதான், “இது எத்தனை வருடத்துக்கு வரும்? பழையது போல நின்றுவிடாதே?” என்று கேட்டார். கேமராவையும் நினைவகத்தையும் கூட்டிக் கழித்துக் கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றாமற் போனது வெட்கமாக இருந்தது.

பாதுகாப்புப் புதுப்பிப்பு என்பது, மென்பொருளில் கண்டறியப்படும் ஓட்டைகளை நிறுவனம் அவ்வப்போது அடைத்துத் தருவது. அது நின்றபின்னும் போன் பேசும், படம் காட்டும். ஆனால் புதிய ஓட்டைகள் அடைபடா. வங்கிக் கணக்கையும் யுபிஐயையும் அதில் வைத்திருப்பவர்களுக்கு இது விளையாட்டன்று. ரெட்மி நோட் 14க்கு இரண்டு ஆண்ட்ராய்டு மேம்பாடுகளும் நான்காண்டுப் பாதுகாப்பும் அறிவிக்கப்பட்டிருந்தன. கேலக்ஸி ஏ16க்கோ ஆறு மேம்பாடுகள், ஆறாண்டுப் பாதுகாப்பு. இந்த ஆண்டுகளை நாம் வாங்கும் நாளிலிருந்து எண்ணக் கூடாது. போன் வெளியான நாளிலிருந்து எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் ரெட்மிக்கு 2028 இறுதி, சாம்சங்குக்கு 2030. மருமகளின் படிப்பு முடிவது 2029. நம்மில் ஆண்டுதோறும் போன் மாற்றும் வீடுகளும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. அக்கா வீடு அத்தகையதன்று.

போன் தீர்மானமாயிற்று, பணம் குறைந்தது. “வட்டியில்லாத் தவணை இருக்கிறது, கார்டு இருந்தால் போதும்” என்றார் கடைப் பையன். வட்டி என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்கும் வீட்டில், வட்டியில்லை என்ற சொல்லுக்கும் விளக்கம் வேண்டும். 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, கடன் அட்டைத் தவணைகளில் வட்டி பெரும்பாலும் பரிசீலனைக் கட்டணமாக மறைந்து வருகிறது என்று வங்கிகளுக்கு எழுதியது. பின்னர் வந்த ‘செலவில்லாத் தவணை’யிலும் வங்கி வட்டியைக் கணக்கிடவே செய்கிறது, அதற்குச் சமமான தொகை விலையில் தள்ளுபடியாகிறது. அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும், பல வங்கிகளில் பரிசீலனைக் கட்டணமும் வாங்குபவர் தலையில்தான். இதைச் சொன்னதும் அக்கா பையை மூடிக் கொண்டார். “மகன் அனுப்பட்டும், பார்த்துக் கொள்ளலாம்” என்றார்.

மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை மருமகள் பக்கத்து வீட்டுத் தோழியின் போனில் அறிவிப்புகளைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டாள். ஒருமுறை ஆய்வக வகுப்பின் நேரமாற்றம் தெரியாமல் போய்த் திரும்பியும் வந்தாள். அதற்காக அக்கா ஒரு நாள் முழுக்க வருந்தினார். எனினும் கார்டுக்குப் போகவில்லை.

பணம் வந்ததும் சாம்சங்கையே வாங்கினோம். கடையை விட்டு இறங்குமுன் *#06# அழுத்தி, திரையில் வந்த 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியிலும் ரசீதிலும் உள்ளதோடு ஒப்பிட்டேன். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் போனின் நிறுவனமும் மாடலும் பதிலாக வரும். வந்தது, சரியாகவே இருந்தது.

சார்ஜரை அடுத்த மாதம் வாங்கிக் கொள்ளலாம் என்றார் அக்கா. அதுவரை பக்கத்து வீட்டுச் சார்ஜர்தான்; அதே தோழியின் வீடு.