தலைகுனிய வேண்டியவர் யார்?

தோழனே!

வட்டிக்குக் கொடுத்தவன் நடுத்தெருவில் நின்று கூவுகிறான். வாங்கியவன் கதவைத் தாழிட்டு இருளில் ஒடுங்குகிறான். இலஞ்சம் வாங்கியவர் மாலை மரியாதையோடு காரில் ஏறுகிறார். அதைக் கொடுக்க வழியற்றவர், சட்டையின் கிழிசலைத் துண்டால் மறைத்துக்கொண்டு ஓரமாக நடக்கிறார். பெண்ணிடம் முறைதவறி நடந்தவன் தேநீர்க் கடையில் தொடைதட்டிச் சிரிக்கிறான். அந்தப் பெண்ணோ, ஊர்க் கண்களுக்கு அஞ்சிச் சுற்றுவழியில் வீடு சேருகிறாள். நாடகத்தில் வேடம் மாறிவிட்டால், திரை தூக்குமுன் திருத்திவிடுவோம். நாட்டிலோ, நாண வேண்டியவன் நிமிர்ந்தும், நிமிர வேண்டியவன் நாணியும் நிற்கும் காட்சி நாள்தோறும் நடக்கிறது. இதைத் திருத்துவோர் யார்?

நாணமே கூடாது என்று கூற வரவில்லை, தோழனே! நாணுடைமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். தகாத செயலுக்குக் கூசுவது வேறு, பெண்டிரின் இயல்பான வெட்கம் வேறு என்று தொடக்கத்திலேயே பிரித்துக் காட்டியவரும் அவர். செயலுக்கு நாணுபவன் திருந்துவான். ஆனால் ‘நீ பிறந்ததே இழிவு, உன் உடல் இழிவு, உன் குடிசை இழிவு’ என்று ஒருவன் நெஞ்சில் பதியவைத்த நாணம் இருக்கிறதே, அது எவரைத் திருத்தும்? எதைத் திருத்தும்?

மேலை நாட்டு அறிஞரும் இதனை ஆராய்ந்துள்ளனர். உயிரினங்களில் மனிதன் மட்டுமே நாணத்தால் முகம் சிவக்கிறான் என்று 1872-இல் எழுதினார் டார்வின். பிறர் நம்மைப் பற்றி என்ன நினைக்கின்றனரோ என்ற எண்ணமே அதற்குக் காரணம் என்றார். 1971-இல் எலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியல் அறிஞர் மேலும் ஒரு படி சென்றார். குற்றவுணர்வு, செய்த செயலைச் சுட்டுகிறது. வெட்கமோ, செய்த ஆளையே சுடுகிறது என்றார். செயலைச் சரிசெய்யலாம், மன்னிப்புக் கேட்கலாம், பறித்ததைத் திருப்பித் தரலாம். ‘நானே இழிந்தவன்’ என்று நம்பியவன் எதைத் திருப்பித் தருவான்? ஒளிந்துகொள்ளத்தான் விரும்புவான். ஒளிய இடமில்லாதபோது அந்த வெட்கம் வெறியாக மாறும். முதலாளியின் வசவைக் கைகட்டிக் கேட்டவன் வீடு திரும்பி மனைவிமேல் கை ஓங்குகிறானே, அது வீரமா? விழுங்கிய அவமானம் வேறு வழியாக வெளியேறுகிறது!

இந்த வெட்கத்தை உருவாக்குவது யார்? நம் வரலாற்றையே சான்றுக்கு அழைக்கிறேன்.

இன்றைய குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமத்தானத்தின் தென்பகுதி. அங்கே நாடார் பெண்களும், அவரினும் கீழே தள்ளப்பட்ட குலப் பெண்களும் மார்பை மறைக்கக்கூடாது என்பது வழக்கம். திறந்து நின்றால் பணிவாம், மறைத்தால் திமிராம்! எது மானம், எது அவமானம் என்பதை அந்தப் பெண்களின் மனம் முடிவு செய்யவில்லை. மேல்சாதியாரின் கைத்தடி முடிவு செய்தது. அந்தத் தடியை மீறிச் சீலை அணிந்தனர் நம் தாய்மார். சந்தைகளில் அவர்கள் சீலை கிழிக்கப்பட்டது, மீண்டும் அணிந்தனர். 1829-இல் அரசே மேலாடையை மறுத்து ஆணையிட்டது, அதன்பின்னும் பணியவில்லை. 1859 சூலை 26 அன்று மன்னரின் ஆணை இறங்கி வந்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்று ஒரு வாலை ஒட்டவைத்தே வந்தது! வெட்கப்பட வேண்டியவர் சீலை அணிந்தவரா, கிழித்தவரா? வரலாறு இன்று விடை கூறிவிட்டது.

வடக்கேயும் இதே கதைதான். 1901-இல், தந்தையைக் காணக் கோரேகான் நோக்கிப் புறப்பட்ட சிறுவர்களுள் ஒருவர் அம்பேத்கர். உடுப்பில் குறைவில்லை, கையில் பணம் உண்டு, கட்டுச்சோறும் உண்டு. மகர் குலத்தார் என்று தெரிந்ததும், நீர் கிடைக்கவில்லை. உணவிருந்தும் நீரின்றிப் பசியோடு இரவைக் கழித்தனர் அந்தக் குழந்தைகள். அன்று அந்தப் பிஞ்சு நெஞ்சில் ஏற்றப்பட்ட சுமை ஒரு மனிதனை முடக்கப் போதுமானது. முடக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று, ஆயிரமாயிரம் மக்களோடு மகாத் ஊரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகினார் அவர். நாவறட்சி தீர்க்கவா குடித்தார்? இழிவைச் சுமத்தியவரிடமே அதைத் திருப்பிக் கொடுத்தார்!

திருப்பிக் கொடுப்பது பழங்கதையன்று. 2024-இல் பிரான்சு நாட்டில் கிசேல் பெலிக்கோ என்ற மூதாட்டி என்ன செய்தார் தெரியுமா? கணவனே மயக்க மருந்து தந்து, ஆண்டுக்கணக்கில் அந்நியரைக் கொண்டு அவரைச் சீரழித்த வழக்கு அது. கதவடைத்து விசாரிக்கக் கோரும் உரிமை அவருக்கு இருந்தது. வேண்டாம், கதவைத் திறவுங்கள், வெட்கம் இடம் மாறட்டும் என்றார். அவர் முகம் நிமிர்த்தி நீதிமன்றத்துக்கு வந்தார். குற்றம் சாட்டப்பட்டோரில் பலர் முகம் மறைத்து வந்தனர். அந்த ஆண்டு திசம்பர் 19 அன்று, 51 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. எல்லாப் பெண்ணும் அப்படி முன்வர வேண்டும் என்று கட்டளையிட நமக்கு உரிமையில்லை. முன்வந்தால் ஊர் அவர் பக்கம் நிற்கும் என்ற உறுதியைத் தரும் கடமை மட்டும் நமக்கு உண்டு.

ஆகவே தோழனே, மேடையில் தன்மானம் முழங்கினால் போதாது. உன் தெருவிலே பார்! தந்தையின் தொழிலைப் பள்ளியில் சொல்லக் கூசும் சிறுவன் எவன்? அவன் தந்தை கழிவுநீர்க் குழியில் இறங்குபவர் என்றால், சிறுவன் கூச வேண்டியதில்லை. 2013-இல் தடைச்சட்டம் வந்த பின்னும் அவரை இறக்கிவிட்டு மேலே நிற்பவன் கூச வேண்டும். நலத்திட்ட வரிசையில் நிற்க நாணி வெறுங்கையோடு திரும்பும் மூதாட்டி யார்? அவர் பெறுவது பிச்சையன்று, பங்கு என்று எடுத்துச் சொல். தேர்வில் தோற்ற பிள்ளையின் வீட்டுக்கு, ஊர் வாய் செல்லுமுன் நீ செல். கடனுக்காக வாசலில் கூச்சல் எழுந்தால், நாலு தோழரோடு போய் அந்த வாசலில் நில். தனித்திருப்பவனைத்தான் வெட்கம் தின்னும். துணையுள்ளவனை அது நெருங்காது.

பிறர் சுமத்திய இழிவை இறக்கிவை. பிறர்மேல் நீ சுமத்தியது உண்டெனில் அதற்கு நாணு. உன் வீட்டு அடுக்களையிலும் அந்தக் கணக்கைப் பார்த்துவிடு. பிறகு வா, தோழனே! தலைகுனிய வேண்டியவர் யாரென்று ஊரறியச் சொல்லுவோம்!