துளிரை நம்பி விற்காதீர்கள்

பலமநேர், குப்பம் பக்கத்தில் குச்சி நடுவதை யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டுப்புழு வளர்ப்புக்காக மல்பெரி நட்டுப் பழகிய கைகள் அவை. சீமை அத்தியில் காலை வாருவதும் அந்தப் பழக்கம்தான். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டிலும் பால் வடியும், ஆகவே நடவும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம்.

மொட்டைமாடித் தோட்டக்காரர்கள் கேட்கக் கேட்க, சித்தூர், திருப்பதி மாவட்ட நாற்றுப் பண்ணைகளில் மா ஒட்டுச் செடிகளுக்குப் பக்கத்தில் டயானா, பூனா அத்திப் பைகளும் இடம் பிடித்துவிட்டன. வாங்கிப் போனவர் சொல்லும் குறையும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: நன்றாகத் துளிர்த்தது, பிறகு திடீரென்று கருகிவிட்டது.

துளிர்க்க வேர் தேவையில்லை. குச்சியில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தும் ஈரமும் கொஞ்சம் வெப்பமும் போதும். இலை விரிந்ததும் தண்ணீர் கேட்கும். கொடுக்க அடியில் ஒன்றும் இராது. வாட்டத்தைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம். பையில் காற்றோட்டம் போய் அடிவெட்டு அழுகும். பிறகு பூஞ்சாணக்கொல்லி தேடி ஓடுவோம்.

சந்தேகம் வந்தால் ஒரு குச்சியை உருவிப் பாருங்கள். அடி கறுத்து கொழகொழவென்றிருந்தால் தண்ணீர் அதிகம். பட்டை சுருங்கி உலர்ந்திருந்தால் காற்றில் ஈரப்பதம் போதவில்லை. பாலித்தீன் மூடாக்கு வேண்டும், நிழலும் வேண்டும். இலை உதிர்ந்தும் பட்டை உள்ளே பச்சையாக இருந்தால் குச்சி செத்துவிடவில்லை, காத்திருங்கள். பட்டையில் வெள்ளையாகப் புடைத்து நிற்கும் புள்ளிகளைப் பூசணம் என்று துடைத்து எடுப்பவர்களும், குச்சியையே குப்பையில் போடுபவர்களும் உண்டு. அவை பட்டைத் துளைகள். ஈரம் கிடைத்ததும் அப்படித்தான் உப்பும்.

இவற்றையெல்லாம் சரிசெய்தாலும் மே மாதத்தில் நட்டால் பயனில்லை. குளிர்நாடுகளில் அத்தி இலையுதிர்த்து உறங்கும்போது குச்சி எடுக்கிறார்கள். புனே மாவட்டத்துப் புரந்தரில் தண்ணீரை நிறுத்தி, கவாத்து செய்து மரத்தை ஓய்வுக்குக் கொண்டுவருகிறார்கள். திருப்பதிச் சமவெளியில் மரம் தானாக முழு ஓய்வுக்குப் போவதில்லை. கோடையில் வெயிலோ 40 டிகிரியைத் தாண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் நீரைக் குறைத்து, முதிர்ந்த கிளையில் பென்சில் பருமனில், மூன்று நான்கு கணுக்களோடு 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டுவதே நமக்குத் தோது. மேட்டு நிலமான பலமநேரில் இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாகக் கிடைக்கும். கணுவுக்குச் சற்றுக் கீழே அடிவெட்டு, மேல்வெட்டில் மெழுகு. வேர்விடத் தூண்டும் ஐ.பி.ஏ. ஹார்மோனின் 2000 பி.பி.எம். கரைசலில் சில நொடி முக்குவது உதவும். ஆனால் முற்றாத குச்சியை அது காப்பாற்றாது.

குச்சி நடும் ஊடகத்தில் தொழு உரமோ மண்புழு உரமோ வேண்டாம். வேரே இல்லாத குச்சி எதைத் தின்னும்? தென்னைநார்க் கழிவும் மணலும் போதும். நார்க்கழிவை நல்ல நீரில் பலமுறை அலசி உப்பை எடுத்துவிட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருக்கும் இடங்களில் மழைநீரைப் பிடித்து வைத்தவர் பிழைத்தார்.

ஒவ்வொரு தொகுதியிலும் சில குச்சிகளை மட்டும், வெட்டிய குளிர்பான பாட்டிலின் அடிப்பாகத்தில் நட்டு, வெளிச்சம் படாமல் காகிதம் சுற்றி வையுங்கள். வேர் சுவரைத் தொட்டுப் பழுப்பேறும்வரை அந்தத் தொகுதியை விற்க வேண்டாம். வெள்ளை வேர் தொட்டால் ஒடியும். அந்த நிலையில் பை மாற்றுவதும் பேருந்தில் ஏற்றி அனுப்புவதும் ஒன்றுதான். மூடாக்கையும் ஒரே நாளில் எடுக்காமல், தினம் கொஞ்ச நேரம் திறந்து பழக்குங்கள்.

வேர் நன்றாகப் பிடித்தும் சில செடிகள் தேறுவதில்லை. தேமல் நோய் கொண்ட தாய்மரத்தில் எடுத்த ஒவ்வொரு குச்சியும் அந்த வைரஸைச் சுமந்தே போகும். மருந்து கிடையாது, சிலந்திப்பேன் அதை அடுத்த செடிக்கும் கொண்டுபோகும். வேர்முடிச்சு நூற்புழு, பயன்படுத்திய மண்ணோடு வரும். ஆகவே இலை நிறைந்திருக்கும் பருவத்திலேயே தாய்மரங்களைச் சுற்றிவந்து, மஞ்சள் திட்டும் கோணல் இலையும் உள்ளவற்றில் சாயம் பூசி ஒதுக்குங்கள். ஜனவரியில் இலையில்லாக் கிளையைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது.