நாலு 'பா'

போன ஆடிப்பூரத்துக்குக் குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்க்கப் போயிருந்தோம். பேரனுக்கு அப்போது மூன்று வயது. மருமகள் அவனை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். தேர் அசைந்து வந்ததும் கூட்டமே "கோவிந்தா" என்று குரல் எழுப்பியது. "அங்க பாருடா தேரு!" என்று நான் கையை நீட்டிக் காட்டினேன். அவன் தேரைப் பார்க்கவில்லை. எங்களுக்கு முன்னால் நின்றவர் கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கையகலக் கண்ணாடிக்குள் ஓடிய தேரைத்தான் பேரன் வைத்த கண் வாங்காமல் பார்த்தான். அதற்குப் பின்னாலேயே நிஜத் தேர் வானத்தை மறைத்துக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தோம். ஆவணியில் பால்வாடியில் சேர்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. சேர்த்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அங்கன்வாடி டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டா பையன் திரும்ப மாட்டேங்கிறான். மத்த பிள்ளைகளோட பேச்சுக் குடுக்கவும் மாட்டேங்கிறான்" என்றார். யோசித்துப் பார்த்தேன். அவனுக்கு வார்த்தை தெரியாமல் இல்லை. ரெட், புளூ, எல்லோ என்று நிறம் சொல்வான். யானைக்கு எலிஃபென்ட் என்பான். ஆனால் தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்க மாட்டான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பானைக்கு முன்னால் நிறுத்துவான்.

டாக்டரிடம் காட்டினோம். காதைச் சோதித்துக் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு டாக்டர், "வீட்டில் பகலில் யார் பார்த்துக்கிறது?" என்று கேட்டார். நானும் என் மனைவியும் என்றேன். "போன் எவ்வளவு நேரம் பார்ப்பான்?" "ஒரு மணி நேரம் இருக்கும் சார்." அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒரு நாள் எழுதிப் பாருங்க" என்றார்.

எழுதச் சொன்னால் எனக்குக் கசக்குமா? முப்பத்தைந்து வருஷம் புதுச்சேரி அரசில் பதிவேடு எழுதிய கை இது. கோடு போட்ட நோட்டு ஒன்று எடுத்து நேரம், காரணம், பொறுப்பாளர் என்று மூன்று பத்தி பிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு கணக்கு இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மருமகள் ராஜபாளையத்தில் வேலைக்குப் போகிறவள். சாயங்காலம் அலுத்து வந்து பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். குற்றவாளி நோட்டில் தானாக வெளியே வரட்டும் என்று இருந்தேன்.

ஒரு ஞாயிறு விட்டு, பால்வாடி விடுமுறையான ஒரு நாளில் எழுதியது இது. காலைப் பால் குடிக்க 20 நிமிடம். இட்லி ஊட்ட 35. நான் பேப்பர் படிக்க 40. மதியச் சோறு ஊட்ட 45. தூங்க வைக்க 15. மருமகள் சமைக்க 30. இரவுச் சாப்பாட்டுக்கு 25. கூட்டினால் 210 நிமிடம், மூன்றரை மணி நேரம். அதில் மருமகள் பேரில் விழுந்தது 55 நிமிடம். மிச்சம் 155 நிமிடமும் எங்கள் பேரில். அதிலும் அந்த 40 நிமிடம் சுத்தமாக என் கையெழுத்து. குற்றவாளி வெளியே வந்துவிட்டார். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார்.

மருமகளிடம் நோட்டை நீட்டினேன். அவள் கோபப்படவில்லை. "மாமா, நான் சொன்னா அத்தை மனசு சங்கடப்படும்னுதான் சொல்லாம இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்கலைன்னா நான் வேலைக்கே போக முடியாது" என்றாள். அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. நம்மை நம்பித்தான் அவள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் இது பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும், நாள் முழுக்கப் பரவலாக 180 நிமிட ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் இதே போலத்தான் சொல்கிறது: இரண்டு வயது வரை கிடையாது, இரண்டிலிருந்து ஐந்து வரை மிஞ்சினால் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் கூட இருக்க வேண்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். திக்தே எழுதியே விரல் தேய்ந்த தலைமுறை. இந்த வயதிலும் பிரெஞ்சுச் செய்தி படிக்கும் பழக்கம் விடவில்லை. அங்கே இதைப் பெரிய விஷயமாகப் பேசுகிறார்கள். 2024 ஏப்ரலில் ஒரு நிபுணர் குழு ஜனாதிபதி மக்ரோனிடம் அறிக்கை கொடுத்தது. மூன்று வயது வரை திரையே கூடாது, மூன்றிலிருந்து ஆறு வரை மிகக் குறைவாக, பெரியவர் துணையோடு மட்டும் என்றது. 2025 ஜூலையில், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களில் திரை காட்டக் கூடாது என்று அரசே உத்தரவு போட்டுவிட்டது.

எனக்கு அதைவிடப் பிடித்தது சபின் துய்ஃப்லோ என்ற பிரெஞ்சு உளவியலாளர் சொன்ன எளிய விதி. பிரெஞ்சில் 'பா' என்றால் 'கூடாது'. அதே 'பா'வுக்குக் 'காலடி' என்றும் பொருள். அந்த அம்மையார் நாலு 'பா' சொன்னார். காலையில் திரை கூடாது. சாப்பிடும்போது கூடாது. தூங்கப் போகுமுன் கூடாது. பிள்ளை படுக்கும் அறையில் கூடாது. நாலு 'கூடாது', முன்னேற நாலு காலடி.

இதில் என்ன விசேஷம் என்றால், கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் என்று விதி வைத்தால் பத்துப் பத்து நிமிடமாக அது மூன்றரை மணி நேரமாகும். என் நோட்டே சாட்சி. இடமும் வேளையும் சொன்னால் ஏமாற்ற முடியாது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன் இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். காரணமும் விளங்கக் கூடியதே. படம் பார்த்துக்கொண்டே தின்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. படுக்கும் நேரத்து வெளிச்சமும் பரபரப்பும் தூக்கத்தைத் தள்ளிப் போடுகின்றன.

"நம்ம பாட்டிமாரும் நிலாவைக் காட்டித்தானே சோறு ஊட்டினாங்க, போனைக் காட்டினா மட்டும் குற்றமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பாட்டி முத்தியால்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் நிலாவைக் காட்டித்தான் எனக்கு ஊட்டினாள். அதுவும் லஞ்சம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நிலா பேசாது, பாட்டிதான் பேச வேண்டும். நிலாவில் யார் இருக்கா என்று அவள் கேட்பாள், நான் ஏதாவது உளறுவேன், அதற்கு அவள் ஒன்று சொல்வாள். ஒரு பந்தை இருவர் மாற்றி மாற்றி எறிவது போலத்தான் பிள்ளைக்குப் பேச்சு வருகிறது. கைபேசி தானே பேசிவிடுகிறது. பாட்டி பேச வேண்டியதில்லை, பேரனும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நிலா ஒன்றுதான், கைபேசியிலோ ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக வந்து நிற்கிறது.

விதியைச் சொல்வது சுலபம். முதல் மூன்று நாள் வீடு வீடாக இல்லை. தட்டைத் தள்ளினான், தரையில் புரண்டான். "என்னங்க, புள்ளை பட்டினி கிடக்குது, இன்னைக்கு ஒரு நாள் குடுத்துருங்க" என்றாள் மனைவி. நான் விறைப்பாக மறுத்தேன். மூன்றாம் நாள் மதியம் அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து நானே திருட்டுத்தனமாகக் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் பிடிபட்டேன். அந்த வாரத்தில் அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. ஒன்பதாம் நாள்தான் அவன் போனைக் கேட்காமல் அரைத் தட்டுச் சோறு சாப்பிட்டான்.

அதற்குள் ஒன்று புரிந்துவிட்டது. கைபேசியைப் பிடுங்கினால் அந்த இடம் காலியாக இருக்காது. ஓர் ஆள் போய் உட்கார வேண்டும். மனைவிக்கு முழங்கால் வலி, ஓடி ஓடி ஊட்ட முடியாது. ஆகவே பேப்பரை மடித்து வைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். எங்கள் சுந்தரபாண்டியம் தறிக்காரர்கள் ஊர். நான் இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவன். ஓய்வு பெற்றபின் இங்கேயே தங்கிவிட்டேன். பக்கத்து வீட்டில் கேட்டதும் நூல் சுற்றி வந்த காலிக் கோன்கள் பத்துப் பதினைந்து கொடுத்தார்கள். அதை அடுக்குவான், தள்ளுவான், ஒன்றைக் காதில் வைத்து "அலோ" என்பான். தறி ஓடும் சத்தம் கேட்டால் வாசலில் போய் நிற்பான். சாயங்காலம் மொட்டை மாடியில் மலையைக் காட்டுவேன். வத்திராயிருப்பு பஸ் வரும் நேரம் அவனுக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும் நிறுத்திவிடவில்லை. மருமகள் சமைக்கும்போது அரை மணி நேரம் உண்டு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். அவன் அப்பா மஸ்கட்டிலிருந்து வீடியோவில் கூப்பிடுவதற்குக் கணக்கே இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு மனிதர் இருந்து, கேட்டதற்குப் பதில் சொன்னால் அது வேறு விஷயம்.

இரண்டு பேரும் தறிக்கோ மில்லுக்கோ போனால்தான் அடுப்பு எரியும் என்கிற வீடுகளில், பிள்ளையிடம் போனைக் கொடுக்கும் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு ஆள் இல்லை. நமக்கு என்ன சாக்கு? மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது, கையில் நேரம் இருக்கிறது. "இந்தக் காலத்துப் பெற்றோர் சரியில்லை" என்று திண்ணையில் பேசுகிற நாம்தான், பகல் முழுக்கப் பேரன் கையில் போனைக் கொடுத்துவிட்டு, இன்னொரு போனில் வாட்ஸப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளை நாம் சொல்வதைக் கேட்காது. நாம் செய்வதைத்தான் செய்யும். எனவே அந்த நாலு 'பா'வும் எனக்கும் சேர்த்துத்தான். சாப்பிடும்போது என் போன் இப்போது அலமாரியில் இருக்கிறது.

பேச்சு வந்ததா என்று கேட்பீர்கள். வருகிறது. போனை விட்டதாலா, பால்வாடிப் பிள்ளைகளாலா, வயதாலா என்று பிரித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. போனை விட்டால் எல்லாப் பிள்ளைக்கும் பேச்சு வந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். பேச்சு தாமதமானால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். காத்திருக்காதீர்கள்.

போன வாரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வேட்டியைப் பிடித்து இழுத்தான். பானைக்குத்தான் கூட்டிப் போகிறான் என்று எழுந்தேன். "தாத்தா, தண்ணி" என்றான். நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.