சிவந்த கண்ணும் சீசா மருந்தும்

கண் சிவந்து, காலையில் இமைகள் பீளையால் ஒட்டிக்கொண்டு, மணல் விழுந்தாற்போல் உறுத்தத் தொடங்கினால், ஊர் முனையிலுள்ள மெடிக்கலில் ஒரு சீசா சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டால் போதும் என்னும் நம்பிக்கை, சங்ககிரியிலிருந்து பரமத்தி வேலூர் வரைக்கும், கற்றவர் கல்லாதவர் என்ற வித்தியாசமின்றி நம் ஜனங்களிடையே வேரூன்றிவிட்டது. "அண்ணா, கண்ணு செவந்து கெடக்குதுங்க, ஏதாச்சும் சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்பவர், எத்தனை நாளாயிற்று, எதனால் வந்தது, பார்வை மங்குகிறதா என்ற எதிர்க்கேள்வியை எதிர்பார்ப்பதில்லை. கொடுப்பவரும் பெரும்பாலும் கேட்பதில்லை. இந்த நம்பிக்கை கண்ணைப் பறிக்கும் பிழை என்பது என் திடமான அபிப்பிராயம்.

மருந்தின் மேல் எனக்கு விரோதம் இல்லை. பாக்டீரியாக் கிருமியால் சீழ் பிடித்த கண்ணுக்கு, மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து, அவர் சொன்ன நாள்வரை தவறாமல் விடப்படுமானால், மகத்தான உபகாரம் செய்கிறது. ஆனால் கண் சிவப்பதெல்லாம் பாக்டீரியாவால் அன்று. மழைக்காலத்தில் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைப் பற்றும் மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸின் வேலை. அந்த வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் ஒன்றும் செய்ய இயலாது. அது ஒன்றிரண்டு வாரங்களில் தானே அடங்கும் சுபாவமுடையது. அடங்குகிற சமயத்தில் கண்ணில் மருந்து விழுந்துகொண்டிருப்பதால், கீர்த்தி முழுவதும் சீசாவுக்குப் போய்விடுகிறது. லேசான பாக்டீரியாக் கண்ணோயுங்கூடப் பல சமயங்களில் தானே ஆறிவிடுவதால் அந்தக் கீர்த்தி இரட்டிப்பாகிறது. இப்படிப் பத்துத் தரம் பலித்ததாகத் தோன்றிய பழக்கம், பதினோராவது தரம் கருவிழியில் புண் விழுந்திருக்கும்போதும் கையைச் சீசாவை நோக்கியே இழுக்கிறது. அபாயம் அங்கேதான் இருக்கிறது.

மோகனூர்ப் பக்கம் கரும்புக்குச் சோகை உரிப்பவர், மக்காச்சோளத் தட்டு அறுப்பவர், களத்தில் நெல் தூற்றுபவர், விடியலில் பால் கறக்கக் குனிந்து மாட்டு வாலால் கண்ணில் அடிபடுபவர், ஆகிய இவர்கள் எல்லோருடைய கருவிழியிலும் மயிரிழை போன்ற ஒரு கீறல் விழுந்தால், அதன் வழியே புகுவது பாக்டீரியாவாகவும் இருக்கலாம், மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சையாகவும் இருக்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994-ஆம் ஆண்டின் முதல் 3 மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட கட்டுரையில், கிருமி வளர்த்துக் கண்டறியப்பட்டவர்களுள் சுமார் 47 சதவீதம் பேருக்குப் பாக்டீரியாவும், ஏறத்தாழ அதே அளவினருக்குப் பூஞ்சையும் காரணமாயிருந்தமை சொல்லப்பட்டிருக்கிறது. பாதிக்குப் பாதி! பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டாமைசின் போன்ற வேறு மருந்து வேண்டும். ஆன்டிபயாடிக் சீசாவை ஊற்றிக்கொண்டு ஒரு வாரம் காத்திருப்பவர், பூஞ்சை கருவிழிக்குள் ஆழமாக இறங்குவதற்கு அந்த ஒரு வாரத்தையும் தானமாகக் கொடுக்கிறார். எந்தக் கிருமி என்பதை அறிவது அசாத்தியமான காரியமும் அன்று. புண்ணிலிருந்து இம்மியளவு சுரண்டியெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், பூஞ்சை இழைகள் பெரும்பாலும் சில நிமிஷங்களிலேயே தெரிந்துவிடும். கடை மேஜைக்கு அப்பாலிருந்து பார்க்கும் எவருடைய கண்ணுக்கும் அவை தெரியமாட்டா.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. "சீக்கிரம் கேக்கணும்" என்று வற்புறுத்துகிறவருக்கு எடுத்துக் கொடுக்கப்படும் சீசாக்கள் சிலவற்றில், ஆன்டிபயாடிக்கோடு டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அடக்குமேயன்றிக் கிருமியைக் கொல்லாது. அதற்கு மாறாக, கிருமியை எதிர்த்துப் போராடும் தேகத்தின் சக்தியையே அது முடக்கிவிடுகிறது. ஆகவே இரண்டு நாள் கண் வெளுத்து, வலி தணிந்து, "நல்ல மருந்துங்க" என்று அயலாருக்கும் சிபாரிசு செய்யப்படும் அதே வேளையில், உள்ளே பூஞ்சையோ ஹெர்ப்பிஸ் வைரஸோ தடையின்றிப் பரவுகிறது. அதையே மாதக்கணக்கில் தொடர்ந்து விட்டுக்கொள்வோருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் ஏறிக் கிளாக்கோமாவும், லென்ஸ் மங்கிக் கண்புரையும் வருவதுண்டு. ஈற்றில் கருவிழியில் வெண்மையான தழும்பு நிலைத்துவிட்டால், 'கண்ணுல பூ உழுந்துருச்சு' என்று சொல்லி விதியின் தலையில் பழியைப் போட்டுவிடுகிறோம். அந்தப் பூக்களில் எத்தனையோ, சீசாவால் நீர் வார்த்து நாமே வளர்த்தவை.

சட்டம் இதை அறியாமலில்லை. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளிலுள்ள எச் அட்டவணை, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகளைச் சொல்கிறது. தோலின் மேல் பூசும் மருந்துகள் பலவற்றுக்கு அதிலிருந்து விலக்கு அளித்த விதியானது, ஆன்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோ சேர்ந்த கண் மருந்துகளை அந்த விலக்கில் சேர்க்காமல் கவனமாக நிறுத்திவைத்திருக்கிறது. விதி எழுதியவர்களுக்கு இருந்த அந்தக் கவனம் கடைவீதியில் நமக்கு இல்லை.

கூலி வேலைக்குப் போகிறவன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பஸ் ஏறிச் சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ போக முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஏழையின் அவசரத்தை நான் பரிகசிக்கமாட்டேன். ஆனால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண்ணைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. கருவிழி மாற்று சிகிச்சைக்காக அவன் பின்னர் இழக்கப்போகும் நாட்களோ ஒன்றல்ல, நூறு. மிச்சமிருந்த அரைச் சீசாவை எடுத்துவைத்து அடுத்த வருஷம் பேரப்பிள்ளைக்கு விடுவதும், இரண்டு நாளில் சிவப்புத் தணிந்தவுடன் மருந்தை நிறுத்திவிடுவதும், ஒரே சீசாவின் முனையை வீட்டார் எல்லோருடைய இமையிலும் தொடுவிப்பதும் சிக்கனமாகா. கண்டபடி பயன்படுத்தினால் ஆன்டிபயாடிக் கிருமியிடம் தோற்றுப்போகும் என்பது கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லுக்குப் புதிய செய்தியும் அன்று; கொலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழிகளுக்குக் கொடுக்கலாகாதென்று மத்திய அரசு 2019-இல் தடை விதித்தது அந்த அச்சத்தினால்தான். கோழிக்குக் காட்டிய ஜாக்கிரதையை நம் கண்ணுக்குக் காட்டலாகாதா?

நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வொன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கண்ணில் கீறல் பட்ட கிராமத்தார் 442 பேருக்கு, ஊர்ப் பணியாளர்கள் அனுப்பிவைத்த ஆய்வு மையங்களில் பரிசோதித்துக் கீறலை உறுதிசெய்துகொண்டு, குளோராம்பெனிக்கால் களிம்பை 3 நாள் போட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. இதுவும் ஆன்டிபயாடிக்தான். கண்ணைப் பார்த்துக் கொடுத்தார்கள், அடிபட்டவுடன் கொடுத்தார்கள்.

ஆகையால், தோட்டத்துக்கு ஆள் வைத்திருக்கும் விவசாயிகளையும், ஆலை நடத்துகிறவர்களையும், வீட்டுப் பெரியவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: சோகையோ உமியோ மாட்டு வாலோ கண்ணில் பட்டவரை அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள், வலியும் மங்கலும் சேர்ந்து வந்த சிவப்பை மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள், வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய சீசாவை இன்றே எறிந்துவிடுங்கள்.