தொண்டர் தோளில் நகராட்சி மூட்டை!

தெருநாய்களைப் பற்றி நாட்டின் உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டில் மூன்று முறை உத்தரவிட்டது. ஆகஸ்டு 11ஆம் நாள், டில்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள நாய்கள் அத்தனையையும் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள், திரும்பத் தெருவில் விடாதீர்கள் என்றது. பதினொரு நாள் கழிந்தது. ஆகஸ்டு 22ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அமர்ந்து அந்த உத்தரவைத் திருத்தினர்: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டதும் மூர்க்கம் கொண்டதும் மட்டும் வெளியே வரக்கூடாது என்றனர். நாடு முழுவதற்கும் வழக்கை விரித்தனர். நவம்பர் 7ஆம் நாள் மற்றோர் உத்தரவு: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் திரியும் நாய்களை அகற்றுக, அங்கே மீண்டும் விடாதீர்கள்!

ஏடுகள் எழுதின. தொலைக்காட்சியிலே நாய் நேயர் ஒருபுறம், நாய்ப் பகைவர் மறுபுறம் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து நள்ளிரவு வரை நாட்டையே அதிர வைத்தனர். டில்லியில் நடந்த வாதம் இருக்கட்டும். நாம் கேட்பது சின்னக் கேள்வி. பிடிக்கச் சொல்லியாகிவிட்டது, பிடிக்கப்போவது யார்? கூடுவாஞ்சேரியில் யார்?

கூடுவாஞ்சேரியை ஏன் சொல்கிறோம்? சென்னை வளர்ந்து வளர்ந்து வந்து விழுகிற ஊர் அது. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, ஒரு பக்கம் இருப்புப்பாதை, நடுவிலே நந்திவரம். பேரூராட்சியாக இருந்தது 2021இல் நகராட்சி ஆயிற்று. அடுத்த ஊரப்பாக்கத்துக்கு அப்பால் கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் இறுதியில் புதிய பேருந்து முனையம் திறந்தார்கள். தெற்கே மறைமலைநகர்த் தொழிற்சாலைகள். வீடு பெருகிற்று, கடை பெருகிற்று, குப்பை பெருகிற்று. குப்பை பெருகிய இடத்திலே நாய் பெருகிற்று. பெருகாதது ஒன்றுதான்: அதைக் கவனிக்க வேண்டிய ஆள் எண்ணிக்கை.

இரண்டாம் ஷிப்டு முடிந்து கடைசி மின்ரயிலில் இறங்கி வீட்டுக்கு நடக்கிறானே தொழிலாளி, அவனைக் கேளுங்கள் நாய்ப் பிரச்சினை என்னவென்று. கண்ணாடி ஏற்றிய காரில் போகிறவரைப் பார்த்தும் நாய் குரைக்கத்தான் செய்யும். ஆனால் கடிபடுவது சைக்கிளில் போகிறவன் கால். விடிவதற்கு முன் பால் போடப் போகிற பையன் கால். தெருவைத் தவிர விளையாட இடமில்லாத குழந்தையின் கன்னம். நாய்க்கு வர்க்க பேதம் தெரியாது என்பார்கள். தெரியாதுதான், தெருவுக்குத் தெரிகிறது!

கடிபட்ட பிறகு என்ன? அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம், மறுக்கவில்லை. கடிபட்ட அன்று ஒன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை போகவேண்டும். காயம் ஆழமென்றால் காயத்தைச் சுற்றியே போடுகிற சீரம் வேறு. தினக்கூலிக்காரனுக்கு நான்கு நாள் என்றால் நான்கு நாள் கூலி. மூன்றாவது ஊசிக்குள் வலி போய்விடுகிறது, 'இனி எதற்கு?' என்று வேலைக்குப் போய்விடுகிறான். அங்கேதான் ஆபத்து. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உலகத்தில் எந்த மருத்துவரும் காப்பாற்ற முடியாது. 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நாய்க்கடி சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம். வெறிநோயில் மாண்டவர் 43 பேர். மருந்து இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, இருந்தும் 43 சாவு!

நம் பாட்டன் காலத்திலே 'தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி' என்றாலே ஊர் நடுங்கும். ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து அது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டபின் தென்னாட்டுக்கு அங்கிருந்துதான் வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மருந்தை ஒழித்து, கையிலே போடுகிற நல்ல ஊசி கொண்டுவந்தார்கள். விஞ்ஞானம் தன் வேலையைச் செய்துவிட்டது. நிர்வாகம்தான் இன்னும் தொப்புளைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"என்ன பெரிய பேச்சு? நாலு வண்டி கொண்டுவந்து எல்லாவற்றையும் அடித்துக் கொன்றால் தீர்ந்தது!" என்று நம் தோழர்களிலேயே சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். கோபம் புரிகிறது. ஆனால் அந்தச் சோதனையை நாம் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. சென்னை செய்து முடித்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில், 1860இல் தொடங்கிற்று நாய் பிடித்துக் கொல்லும் வேலை. 1996 வரை நடந்தது. கடைசிக் காலத்தில் நாளொன்றுக்கு 135 நாய் வரை கொன்றார்கள் என்று புளூ கிராஸ் சங்கத்தார் எழுதியிருக்கிறார்கள். நூற்று முப்பத்தாறு ஆண்டுகள்! நாய் ஒழிந்ததா? நாள்தோறும் கொல்ல அத்தனை நாய் கிடைத்ததே, அதுவே விடை. ஒரு தெருவிலே இருந்த நாயைக் கொன்றால் அந்தத் தெருச் சோற்றுக்கு அடுத்த தெரு நாய் வருகிறது. மிஞ்சியது தின்று கொழுத்து முன்னைவிட அதிகமாகக் குட்டி போடுகிறது.

1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய சங்கம் அந்த புளூ கிராஸ். கொல்லாதே, கருத்தடை செய் என்று 1964 முதல் சொல்லி வந்தார்கள். சென்னை மாநகராட்சி காதில் அது ஏற 1996 ஆயிற்று. பிறகு 2001இல் மத்திய அரசு அதையே நாட்டுக்கெல்லாம் விதியாக்கியது. 2023இல் புதிய விதி வந்தது. பிடி, அறுவை செய், வெறிநோய்த் தடுப்பூசி போடு, அடையாளத்துக்குக் காதில் சிறு வெட்டு வெட்டு, பிடித்த இடத்திலேயே விடு. வழி இதுதான்.

இந்த வழியிலே ஒரு நிபந்தனை உண்டு. அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு வட்டாரத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது தடுப்பூசி போட்டால்தான் வெறிநோய் பரவல் அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கருத்தடையும் அப்படித்தான்: பெரும்பகுதி நாய்களுக்கு, அதுவும் குறுகிய காலத்துக்குள் முடித்தாக வேண்டும். இன்று நாலு, அடுத்த மாதம் ஆறு என்று செய்தால், செய்யாமல் விட்டவை அந்தக் குறையை நிரப்பிவிடும். பெட்டை நாய் சினைப்பட்டால் குட்டி போட இரண்டு மாதம் போதும். நகராட்சிக் கோப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு நகர அது போதுமா?

இப்போது தொண்டர்களிடம் வருவோம்.

எந்தப் புறநகரிலும் இவர்களைப் பார்க்கலாம். பள்ளி ஆசிரியை ஒருவர், ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர். முதல் நாள் இரவிலிருந்து நாய்க்குச் சோறு வைக்காமல் காத்திருந்து, விடியற்காலையில் வலை வீசிப் பிடித்து, ஆட்டோக்காரரைக் கெஞ்சி ஏற்றி, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள். கட்டணம் சொந்தப் பணம். அறுவை முடிந்த நாயை உடனே தெருவில் விட முடியாது. தையல் புண் ஆற நான்கைந்து நாள் கூண்டில் வைத்துச் சோறு போட வேண்டும். கூண்டு எங்கே? மொட்டை மாடியில்! வீட்டுக்காரர் 'காலி செய்' என்கிறார். அடிபட்ட நாய் ஒன்று சாலையில் கிடந்தால் அதற்கும் இவர்களைத்தான் தேடுகிறார்கள். நாய்க்குச் சோறு வைத்ததற்காகத் தெருவாரிடம் வசவும் இவர்களுக்கே.

இவர்களைப் பார்த்து நாம் கைகூப்புவோம். கேலி செய்ய மாட்டோம். ஆனால் கைகூப்பிவிட்டுக் கணக்கும் பார்ப்போம். பேச்சுக்கு ஓர் ஊரில் ஆயிரம் நாய் என்று வையுங்கள். எழுநூறுக்குக் கருத்தடை செய்ய வேண்டும். தொண்டர் குழு, உயிரைக் கொடுத்து உழைத்து, மாதம் பத்து நாய்க்குச் செய்கிறது. எழுநூறை எட்ட எழுபது மாதம். ஏறத்தாழ ஆறு ஆண்டு. தெருநாய் அவ்வளவு காலம் உயிரோடு இருப்பதே அரிது! முதல் ஆண்டில் செய்தது செத்துவிட்டிருக்கும், புதிதாகப் பிறந்தது குட்டி போட்டிருக்கும். இதே வேலையை மருத்துவரும் நாய் பிடிப்போரும் கூண்டும் உள்ள ஒரு நிலையம் நாளுக்குப் பதினைந்து வீதம் செய்தால் இரண்டு மாதத்துக்குள் முடிந்துபோகும்.

ஆகவேதான் சொல்கிறோம்: தொண்டர் செய்வது தொண்டு, ஆனால் அவர் சுமப்பது நகராட்சியின் மூட்டை. 2023ஆம் ஆண்டு விதி, தெருநாய்க் கருத்தடை உள்ளாட்சியின் பொறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறது. அதே விதி, விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் பெறாமல் யாரும் இந்த வேலையைத் திட்டமாக நடத்தக்கூடாது என்றும் சொல்கிறது. நல்ல விதிதான், கண்டவனும் கத்தி எடுக்கக்கூடாது. ஆனால் விளைவு என்ன? அங்கீகாரம் உடைய நிலையம் பக்கத்தில் இல்லாத ஊரில், பொறுப்புடையவர் செய்வதில்லை. செய்கிறவருக்கு உரிமை இல்லை!

இன்னொரு கூத்து எல்லைக் கூத்து. வண்டலூர் ஊராட்சி, ஊரப்பாக்கம் ஊராட்சி, பிறகு நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சி, அப்பால் மறைமலைநகர் நகராட்சி. ரயில் இவை அத்தனையையும் அரைமணிக்குள் கடக்கிறது. ஒரு நாய் ஒரே இரவில் ஊராட்சியிலிருந்து நகராட்சிக்குக் குடியேறிவிடுகிறது. அதனிடம் எந்த ஆணையர் கையெழுத்துக் கேட்பார்? கூடுவாஞ்சேரி மட்டும் முழுமூச்சாகச் செய்து ஊரப்பாக்கம் செய்யாவிட்டால் கூடுவாஞ்சேரிப் பணம் வீண். வண்டலூர் முதல் செங்கல்பட்டு வரை உள்ளாட்சிகள் சேர்ந்து ஒரே நிலையம், ஒரே பட்டியல், ஒரே பருவத்தில் வேலை என்று திட்டம் போட வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் நவம்பர் உத்தரவையும் இதோடு வைத்துப் பாருங்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலும் கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்திலும் உள்ள நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும். காப்பகம் இல்லாவிட்டால்? இரவோடு இரவாக வண்டியில் ஏற்றி அடுத்த ஊர் ஏரிக்கரையில் கொட்டுவதுதான் நடக்கும். உத்தரவு நிறைவேறியது என்று அறிக்கை போகும்; நாய் ஏரிக்கரைக் குடிசைக்காரர் வாசலில் நிற்கும்.

நிலையம் கட்டிவிட்டாலே போதும் என்றும் எண்ண வேண்டாம். சென்னை மாநகராட்சிக்குப் புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனி, மீனம்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று நிலையங்கள் உண்டு. இருந்தும் 2018இல் எண்ணியபோது 57,366 ஆக இருந்த தெருநாய் 2024இல் எண்ணியபோது சுமார் 1 லட்சத்து 81 ஆயிரம். கருத்தடை ஆனவை நூற்றுக்கு இருபத்தேழு அளவே. கட்டடம் நாயைப் பிடிக்காது, ஆள் வேண்டும். ஒப்பந்தக்காரனிடம் விட்டுத் தலைக்கு இத்தனை என்று பணம் கொடுத்தால், எளிதில் சிக்குகிற நாயைத்தான் பிடிப்பான்; வலைக்குத் தப்பும் பெட்டை நாய் தப்பிக்கொண்டே இருக்கும். நிரந்தர ஊழியர், முறையான பயிற்சி, அவர்களுக்கே முதலில் தடுப்பூசி, கடிபட்டால் இழப்பீடு. நாய் பிடிப்பவனும் தொழிலாளிதான் என்பதை நாமாவது மறக்கக்கூடாது.

"மனிதனுக்கே மருத்துவமனையில் படுக்கை கிடைக்கவில்லை; நாய்க்கு ஆபரேஷனா?" என்று ஒரு கேள்வி வரும். மேடையில் கைதட்டல் வாங்கும் கேள்விதான். ஆனால் மெக்சிகோ நாடு என்ன செய்தது? 1990 முதல் ஆண்டுதோறும் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி போட்டது. நாயால் பரவும் வெறிநோய்ச் சாவை ஒழித்த முதல் நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இங்கே கோவா மாநிலம் அதே வழியில் போய், வெறிநோய் கட்டுப்பட்ட மாநிலம் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. நாய்க்குப் போட்ட ஊசி காப்பாற்றியது மனிதனை. கடிபட்ட ஒவ்வொருவனுக்கும் நான்கு ஊசியும் சீரமும் கொடுத்துக்கொண்டே இருப்பது மலிவா, நாய்க்கு ஆண்டுக்கு ஓர் ஊசி போடுவது மலிவா? கணக்குத் தெரிந்த எவரும் விடை சொல்வார்.

தெருவிலே சோறு வைப்பவருக்கும் கடிபட்ட வீட்டாருக்கும் கைகலப்பு நேரும்போது நம் தோழர்கள் ஒரு கட்சியில் சேர்ந்துகொள்ள வேண்டாம். எந்த இடத்தில் சோறு வைப்பது என்று வார்டுதோறும் குறித்துத் தரச் சொல்லி நீதிமன்றமே கூறியிருக்கிறது. குறிக்காத அலுவலகம் அமைதியாக இருக்க, அடுத்தடுத்த வீட்டார் அடித்துக்கொள்வதா? சோறு வைப்பவரிடம் நாய் பழகியிருக்கும். வலையில்லாமலே பிடித்துத் தரக்கூடியவர் அவர்தான். கருத்தடை வேலையில் அவரை விட்டால் ஆளில்லை. அதேபோல், இறைச்சிக் கடைக் கழிவும் சாப்பாட்டுக் கடை எச்சிலையும் சாலையோரம் கொட்டப்படுவதை நிறுத்தாமல் நாயைக் குறை சொல்வதும் வீண்பேச்சு.

நந்திவரம்-கூடுவாஞ்சேரியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தோழர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு ஞாயிறு விடியற்காலையில் வார்டுக்கு நான்கு பேர் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு நடங்கள். எத்தனை நாய், எத்தனை பெட்டை, எத்தனை குட்டி, காதில் வெட்டு உள்ளது எத்தனை என்று எழுதுங்கள். வாரம் கழித்து அதே நேரத்தில் மறுபடி எண்ணுங்கள். அந்தத் தாளோடு அடுத்த நகர்மன்றக் கூட்டத்துக்கு முன்பே ஆணையரைப் பாருங்கள். மூன்றே கேள்வி: இந்த ஆண்டு வரவு செலவில் கருத்தடைக்கு எவ்வளவு? எந்த நிலையத்தில்? எந்த மாதத்துக்குள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். போகிற வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நுழைந்து, ஊசியும் சீரமும் இருப்பு உண்டா, ஞாயிற்றுக்கிழமை யார் போடுவார் என்றும் கேட்டு வாருங்கள். கடிபட்டவர் யாராயினும் உடனே குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டுத்தான் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது என்பதையும் சங்கப் பலகையில் எழுதி வையுங்கள்.